கைமாறும் பாடல், கரையும் பெயர்: பிரித்தானிய முற்போக்கு நாட்டாரிசையில் கண்டடைதலும் பகிர்தலும்

திறவுச்சொற்கள்: நாட்டாரிசை, கதைப்பாடல், பாடவேறுபாடு, தகவலாளி, உறைக்குறிப்பு, பதிப்புரிமை

முன்னுரை

இங்கிலாந்தின் சாமர்செட் வட்டாரத்திலுள்ள ஹாம்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில், 1903ஆம் ஆண்டு, பாதிரியார் இல்லத் தோட்டத்தில் வேலை செய்துவந்த ஜான் இங்லாண்ட் என்பவர் ‘தி சீட்ஸ் ஆஃப் லவ்’ என்னும் பாடலைப் பாடக் கேட்ட செசில் ஷார்ப், அதைச் சுரக்குறிப்போடு எழுதிக்கொண்டார். உடனே அதற்குப் பியானோத் துணையிசை அமைத்து, அன்று மாலையே ஊர்ப் பாடகர் குழுவின் விருந்தில் பயிற்சி பெற்ற பாடகி ஒருவரைக் கொண்டு பாடச் செய்தார். ஆங்கில நாட்டாரிசை மறுமலர்ச்சியின் தொடக்கமாகப் பலராலும் எடுத்துக்காட்டப்படும் இந்நிகழ்ச்சியில், ஒரு பாடலைக் கண்டடைதல், அதை மாற்றியமைத்தல், பிறரோடு பகிர்தல் ஆகிய மூன்றும் ஒரே பகலுக்குள் நடந்து முடிந்துவிடுகின்றன. பாடியவரின் பெயரும் எஞ்சியிருக்கிறது. பின்னாளில் எல்லாப் பாடகருக்கும் இந்த நற்பேறு வாய்க்கவில்லை.

1960களின் நடுப்பகுதி தொடங்கி 1970களின் தொடக்கம் வரை பிரித்தானியாவில் உருவான முற்போக்கு நாட்டாரிசையைப் பற்றிய விமரிசனங்கள் பெரும்பாலும் மின்கித்தார் வந்ததையும், ஜாஸ், ராக், இந்திய இசைக் கூறுகள் கலந்ததையும், பாடல்கள் நீண்டதையுமே அதன் அடையாளங்களாகக் கொள்கின்றன. அவை புறத்தே கேட்கும் மாற்றங்கள். அவ்விசையின் உள்ளியக்கம் வேறோரிடத்தில் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு. ஒருவர் தமக்குப் பிடித்த பாடலை எங்கே, யாரிடம் கண்டடைந்தார், அதை அடுத்தவருக்கு எவ்வாறு கொடுத்தார், கொடுக்கும்போது எந்தப் பெயரைச் சொன்னார், எந்தப் பெயரை விட்டார் என்னும் கைமாற்று வரிசையே இவ்விசையின் அழகியலையும் அறத்தையும் சேர்த்துத் தீர்மானிக்கிறது. அவ்வகையில் சில பாடல்களும் இசைத்தட்டுகளும் இங்கு ஆராயப்படுகின்றன.

‘முற்போக்கு’ என்னும் சொல்

‘புரோகிரசிவ் ஃபோக்’ என்பதைத் தமிழில் ‘முற்போக்கு நாட்டாரிசை’ என்று பெயர்த்தால் முற்போக்கு இலக்கியம் நினைவுக்கு வருவது இயல்பு. அது பிழையான நினைவும் அன்று. அமெரிக்காவில் 1930, 40களில் வூடி கத்ரி, பீட் சீகர் முதலியோரை ஒட்டி வழங்கியபோது அத்தொடருக்கு இடதுசாரி அரசியல் சார்ந்த பொருளே இருந்தது. பிரித்தானிய மறுமலர்ச்சியின் இரண்டாம் அலைக்கு வழிகாட்டிய ஏ. எல். லாய்டும் இவான் மெக்காலும் பொதுவுடைமைக் கட்சிச் சார்புடையவர்கள். உழைக்கும் மக்களின் பாட்டை அம்மக்களுக்கே திருப்பித் தருவதாக எண்ணிச் செயற்பட்டவர்கள். 1960களின் பிற்பகுதியில்தான் இச்சொல் இசைவடிவப் புதுமையைக் குறிக்கலாயிற்று. பொருள் மாறியபோது ஓர் இழப்பு நேர்ந்தது. பாடலின் உரிமை யாருக்கு என்னும் கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டு, பாடலை எவ்வளவு தூரம் கொண்டு செல்லலாம் என்னும் கேள்வி முன்னுக்கு வந்தது. தமிழ்ச்சொல் இரண்டு பொருளையும் ஒருங்கே ஏற்பதால் அதையே இக்கட்டுரை கையாள்கிறது.

ஒரு பாடலின் கைமாற்று வரிசை

‘பிளாக்வாட்டர்சைடு’ என்னும் பாடலின் வரலாறு இவ்வாய்வுக்கு மிகப் பொருத்தமான சான்று. ஆற்றோரத்தில் ஒரு பெண்ணோடு இரவைக் கழித்துவிட்டு விடியலில் கைவிட்டுப் போகும் ஆடவனைப் பற்றிய பாடல் அது. 1952இல் பி.பி.சி. நிறுவனம் நாட்டார் பாடல்களையும் வட்டார வழக்குகளையும் ஒலிப்பதிவு செய்யும் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. அவ்வாண்டில் பீட்டர் கென்னடியும் ஷான் ஓ பாயிலும் அயர்லாந்தின் ‘டிராவலர்’ எனப்படும் நாடோடிச் சமூகத்தாரிடம் இப்பாடலைப் பதிவு செய்தனர். பாடியவர்களுள் மேரி டோரன் ஒருவர். அவ்வடிவம் லாய்டின் வழியாக இளம் பாடகி ஆன் பிரிக்ஸை அடைந்தது. பிரிக்ஸ் அதைத் தம் நண்பரான கித்தார்க் கலைஞர் பெர்ட் ஜான்ஷுக்குக் கற்றுக்கொடுத்தார். ஜான்ஷ் 1966இல் வெளியிட்ட ‘ஜாக் ஓரியன்’ இசைத்தட்டில் இப்பாடல் இடம்பெற்றது. 1969இல் லெட் செப்பலின் குழுவின் முதல் இசைத்தட்டில் ‘பிளாக் மவுண்டன் சைடு’ என்னும் சொற்களற்ற கித்தார் இசையாக அது மறுபிறப்பெடுத்தது. இயற்றியவர் என்று அங்கே அச்சிடப்பட்ட பெயர் ஜிம்மி பேஜ்.

இந்த வரிசையில் ஒவ்வொரு கையும் எதைச் சேர்த்தது, எதைக் கழித்தது என்பதைக் கவனிக்க வேண்டும். டிராவலர் பாடகர் துணையிசை இன்றிப் பாடுபவர். அவரது பாட்டில் காலக்கணக்கு மூச்சைப் பின்பற்றும். அசைவுகள் சொல்லின் அழுத்தத்தை ஒட்டி விழும். பிரிக்ஸ் இந்தத் தன்மையைப் பெருமளவு காத்தார். ஜான்ஷின் பங்களிப்பு கித்தார். பாடகியின் குரலிலுள்ள சிறு வளைவுகளைக் கம்பியை இழுத்தும் தட்டியும் விரல்களுக்கு மாற்றினார் அவர். கீழ்க்கம்பிகளில் விடாது ஒலிக்கும் ஆதார ஒலியின்மேல் மெட்டு மிதக்கிறது. குரல்மரபு ஒன்றைக் கருவிமரபாகப் பெயர்த்தமைதான் அந்தப் பதிவின் உண்மையான புதுமை. பேஜ் வாசித்ததில் சொற்கள் முற்றிலும் உதிர்ந்துவிட்டன. கைவிடப்பட்ட பெண் பாடலைவிட்டு வெளியேறிவிட்டாள். மெட்டும் விரலோட்டமும் மட்டும் எஞ்சின. பேஜ் கையாண்ட சுருதியமைப்பு, மொராக்கோவில் ஊத் இசையைக் கேட்டதன் பயனாக டேவி கிரஹாம் உருவாக்கிப் பரப்பியது. உடன் ஒலிக்கும் தபலாவை வாசித்தவர் விராம் ஜஸானி. ஆக, இரண்டு நிமிடத்தைச் சற்றே தாண்டும் ஒரு சிறு பதிவுக்குள் அயர்லாந்து, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட ஆப்பிரிக்கா, இந்தியா ஆகிய நிலங்களின் கேள்வி செறிந்து கிடக்கிறது. உரிமைக் குறிப்பிலோ ஒரே பெயர்.

ஜான்ஷின் இசைத்தட்டு நிறுவனத் தரப்பில் வழக்குத் தொடுப்பது பற்றி ஆலோசிக்கப்பட்டும் அது நீதிமன்றம் வரை செல்லவில்லை. காரணம் எளிது. மெட்டு மரபுவழிப்பட்டது என்பதால் ஜான்ஷும் அதற்கு உரிமையாளர் ஆகார். மரபுப்பாடல் பொதுச்சொத்து, ஆனால் அதற்கு ஒருவர் செய்யும் இசையமைவு தனிச்சொத்தாகப் பதிவாகலாம். இந்தப் பதிப்புரிமை விதி பாடலைக் கடைசியாகத் தொட்டவருக்கே சாதகமாக அமைகிறது. முதலிற் பாடியவர் மரபின் பகுதியாகக் கருதப்படுவதால் அவருக்கு உரிமைத்தொகை ஏதும் இல்லை. ‘மரபுவழி’ என்னும் சொல் மதிப்புச் சொல்லாகத் தோன்றினாலும், உரிமைக் குறிப்பில் அது பெயரழிப்புச் சொல்லாகவும் செயற்படுகிறது. நாட்டாரியல் ஆய்வில் நாம் இயல்பாக வழங்கும் ‘தகவலாளி’ என்னும் சொல்லிலும் இதன் நிழல் உண்டு. மேரி டோரன் தகவல் தந்தவர் அல்லர்; பாடியவர்.

‘ஸ்கார்பரோ ஃபேர்’ பாடலின் கதை பரவலாக அறியப்பட்டதாகலின் சுருக்கமாகக் கூறலாம். டர்ஹம் வட்டாரத்து மிடில்டன்-இன்-டீஸ்டேல் ஊரைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற ஈயச் சுரங்கத் தொழிலாளி மார்க் ஆண்டர்சன் பாடிய வடிவத்தை இவான் மெக்காலும் பெக்கி சீகரும் தம் பாடல்நூலில் சேர்த்தனர். அந்நூலிலிருந்து மார்ட்டின் கார்த்தி அதைக் கற்றுக் கித்தாரிசை அமைத்தார். லண்டனில் கார்த்தியிடம் கற்ற பால் சைமன், 1966இல் வெளியான சைமன்–கார்ஃபங்கல் இசைத்தட்டில் கார்த்தியைக் குறிப்பிடாமலே அதைச் சேர்த்தார். இருவருக்கும் இடையிலிருந்த கசப்பு 2000ஆம் ஆண்டில் லண்டன் மேடையொன்றில் இருவரும் அப்பாடலைச் சேர்ந்து பாடியபோது தணிந்தது. அந்த இணக்கத்தை எழுதியவர்களுள் பலர் மார்க் ஆண்டர்சனை நினைக்கவில்லை. பெயர் சொல்வது கடினமான செயலும் அன்று. 1963இல் வெளியான பாப் டிலனின் இரண்டாம் இசைத்தட்டின் உறைக்குறிப்பு, ‘பாப் டிலன்ஸ் டிரீம்’ பாடலின் மெட்டைக் கார்த்தியிடமிருந்து டிலன் பெற்ற செய்தியை வெளிப்படையாகக் கூறுகிறது. அதனால் டிலனின் புகழ் சிறிதும் குறைந்துவிடவில்லை.

லாய்டின் கைவண்ணம்

கைமாற்று வரிசையைப் பதிவு செய்துவிட்டாலே போதும் என்று முடிவுகட்ட விடாமல் தடுப்பவர் ஏ. எல். லாய்டு. ரால்ஃப் வான் வில்லியம்சுடன் இணைந்து 1959இல் அவர் பதிப்பித்த ‘தி பெங்குயின் புக் ஆஃப் இங்கிலிஷ் ஃபோக் சாங்ஸ்’ ஒரு தலைமுறைப் பாடகர்களுக்குக் கைந்நூலாக விளங்கியது. நாட்டாரிசை மன்றங்களில் பாடத் தொடங்கிய இளைஞர் பலர் தம் பாடல்களை அந்நூலிலிருந்தோ லாய்டின் வாயிலிருந்தோதான் பெற்றனர். ஆனால் லாய்டு தாம் கொடுத்த பாடல்களைச் சொல்லாமலே திருத்தும் பழக்கம் உடையவர். குறைந்த அடிகளை நிரப்பினார். மெட்டை மாற்றிப் பொருத்தினார். சில இடங்களில் பொருளையே திருப்பினார்.

‘ரெய்னர்டைன்’ இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஓர் இளம்பெண்ணை மலைவழியே அழைத்துச் செல்லும் மறைந்துவாழும் ஆடவனைப் பற்றிய அச்சுப்பாடல் அது. அவனை நரியும் மனிதனுமான மாயப்பிறவியாக எண்ணத்தூண்டும் வடிவம் லாய்டின் வழியாகவே பரவியது. அது வாய்மொழி மரபில் கிடைத்ததன்று, எழுத்திலக்கிய மூலங்களின் துணையோடு லாய்டின் கைவண்ணத்தால் உருவானது என்பதை ஸ்டீபன் வினிக் 2004இல் ‘ஃபோக்லோர்’ இதழில் வெளியிட்ட ஆய்வில் விரிவாக நிறுவினார்.

இதை மோசடி என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் மாயநரி வடிவமே இசைக்கலைஞர்களை ஈர்த்தது. அதுவே நல்ல பாடலும்கூட. அச்சுப்பாடலின் நேர்வடிவம் பல அடிகளில் தட்டையானது. வாய்மொழி மரபில் ஒவ்வொரு பாடகரும் திருத்துபவரே ஆதலால் லாய்டும் அம்மரபின் ஒரு கண்ணிதான் என்று வாதிடலாம். அவ்வாதம் பாதியே செல்லும். தமிழ்ச் சுவடிப் பதிப்பில் பாடவேறுபாடு காட்டும் முறை நமக்குப் பழக்கமானது. பதிப்பாசிரியர் ஒரு பாடத்தைத் தேர்ந்துகொள்ளலாம், தாமே ஒன்றை ஊகிக்கவும் செய்யலாம். எது ஏட்டில் உள்ளது, எது தம் ஊகம் என்பதை அடிக்குறிப்பில் காட்டிவிட வேண்டும். உ. வே. சாமிநாதையர் ஏடு கொடுத்து உதவியவர்களின் பெயர்களைத் தம் பதிப்புகளின் முன்பகுதியில் வரிசைப்படுத்தியதும் இந்த ஒழுக்கத்தின் பகுதியே. லாய்டின் குறை திருத்தியதில் இல்லை. தம் திருத்தத்தை மக்களின் பெயரால் கொடுத்தார் என்பதே குறை. ஒருவர் பிறர் பாடலுக்குத் தம் பெயரை இட்டார். மற்றவர் தம் பாடலுக்குப் பிறர் பெயரை இட்டார். ஜிம்மி பேஜும் லாய்டும் எதிரெதிர்த் திசைகளில் நின்று செய்தது ஒரே செயல்.

உறையே அடிக்குறிப்பாக: ‘லீஜ் அண்ட் லீஃப்’

ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழு 1969 டிசம்பரில் வெளியிட்ட ‘லீஜ் அண்ட் லீஃப்’, ஆங்கில நாட்டார் ராக் இசையின் அடித்தளமாக மதிக்கப்படுவது. அவ்வாண்டு மே மாதத்தில் நிகழ்ந்த வாகன விபத்தில் குழுவின் தாளக்கலைஞர் மார்ட்டின் லாம்பிள் உயிரிழந்தார். உடன் பயணித்த ஜீனி ஃபிராங்க்ளினும் மாண்டார். உயிர் தப்பியோர் பழைய பாடல்களைத் தொடர்ந்து பாட மனமின்றி, ஹாம்ப்ஷயர் வட்டாரத்து ஃபார்லி சேம்பர்லெய்ன் ஊரில் ஒரு வீட்டில் தங்கிப் புதிய தொகுதியை உருவாக்கினர். ஆஷ்லி ஹட்சிங்ஸ் லண்டனிலுள்ள செசில் ஷார்ப் இல்லத்து நூலகத்தில் பாடல்களைத் தேடினார். வயலின் கலைஞர் டேவ் ஸ்வார்பிரிக் நாட்டாரிசை மன்றங்களில் பெற்ற நீண்ட பயிற்சியைக் கொண்டுவந்தார். சாண்டி டென்னி தாம் குழுவில் சேருமுன்பே மன்றங்களில் பாடிவந்தவர். அவர் கொண்டுவந்த ‘எ செய்லர்ஸ் லைஃப்’ என்னும் பாடல் முந்தைய இசைத்தட்டில் 11 நிமிடத்திற்கு மேல் விரிந்து, வரவிருந்ததற்கு முன்னோட்டமாக அமைந்திருந்தது.

இத்தொகுதியின் ‘மேட்டி குரோவ்ஸ்’ உற்றுக் கேட்கத்தக்கது. பிரபுவின் மனைவி எளிய இளைஞன் ஒருவனைத் தன் படுக்கைக்கு அழைப்பதும், பிரபு திரும்பிவந்து இருவரையும் கொல்வதும் கதை. ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 1882 முதல் 1898 வரை வெளியிட்ட 305 கதைப்பாடல் தொகுப்பில் இது 81ஆம் எண் பெற்றது. குழுவினர் இதற்குப் பொருத்திய மெட்டு அமெரிக்க அப்பலாச்சிய மலைப்பகுதியில் வழங்கிய ‘ஷேடி குரோவ்’ பாடலுடையது. இங்கிலாந்திலிருந்து குடிபெயர்ந்தோரோடு கடல்கடந்த பாட்டுமரபு, வேறு மெட்டணிந்து ஊர் திரும்பியிருக்கிறது. சாண்டி டென்னி கொலைக்காட்சியிலும் குரலை உயர்த்துவதில்லை. பிரபுவின் சொல்லையும் மனைவியின் சொல்லையும் வேறுபடுத்தி நடிப்பதும் இல்லை. கதைப்பாடலைக் கூறுபவர் கதைக்கு வெளியே நிற்க வேண்டும் என்னும் பழைய ஒழுங்கை அவர் காக்கிறார். உணர்ச்சி முழுவதும் கருவிகளிடம் ஒப்படைக்கப்படுகிறது. சொற்கள் முடிந்தபின் வயலினும் ரிச்சர்ட் தாம்ப்சனின் மின்கித்தாரும் ஒன்றையொன்று துரத்தி விரையும் பகுதி, பாடகி சொல்லாமல் விட்டதைச் சொல்கிறது. மின்கருவி இங்கு ஒலியைப் பெருக்குவதற்காக வரவில்லை. குரலின் நடுநிலையைக் காப்பதற்காக வந்திருக்கிறது. இந்தப் பணிப்பகுப்பே அப்பதிவின் வெற்றி. பின்வந்த குழுக்கள் பல, மின்னிரைச்சலை எடுத்துக்கொண்டு இந்தப் பணிப்பகுப்பை விட்டுவிட்டன.

இசைத்தட்டின் விரியுறை அதே அளவு கவனத்துக்குரியது. உறையின் உட்புறத்தில் சைல்ட், ஷார்ப் ஆகிய தொகுப்பாளர்களைப் பற்றியும், மோரிஸ் ஆட்டம், பொய்க்குதிரை முதலிய ஊர்ச்சடங்குகளைப் பற்றியும் படங்களுடன் சிறு குறிப்புகள் அச்சிடப்பட்டன. கடையில் வாங்கிய இசைத்தட்டின் வழியே ஓர் இளைஞர் நூலகத்திற்கு ஆற்றுப்படுத்தப்படுகிறார். பெற்ற பரிசிலைப் பாடும்போதே பெறும் வழியையும் கூறும் ஆற்றுப்படை மரபை அறிந்த வாசகர் இதன் அருமையை எளிதில் உணர்வர். ஆயினும் ஒரு குறை தங்கிவிட்டது. உறையில் தொகுப்பாளர்களுக்குக் கிடைத்த இடம் பாடியவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஷார்ப்பின் படம் உண்டு. ஜான் இங்லாண்டுக்கு இடமில்லை. அதே தொகுதியில் இடம்பெற்ற ‘ரெய்னர்டைன்’, லாய்டின் மாயநரியை மரபென்றே மேலும் பரப்பியது.

ஷார்ப்பை இங்கு முற்றிலும் குறைகூற இயலாது. மாட் கார்ப்லிஸ் துணையுடன் 1916 முதல் 1918 வரை அப்பலாச்சியாவில் அவர் திரட்டி, பின்னர் 1932இல் விரிந்த பதிப்பாக வெளிவந்த தொகுதியில் ஒவ்வொரு வடிவத்தின்கீழும் பாடியவர் பெயரும் இடமும் நாளும் தரப்பட்டுள்ளன. அவருடைய வாழ்க்கை வரலாற்றைக் கார்ப்லிஸின் துணையோடு 1933இல் எழுதியவர் ஏ. எச். ஃபாக்ஸ் ஸ்டிராங்வேஸ். 1914இல் ‘தி மியூசிக் ஆஃப் ஹிந்துஸ்தான்’ என்னும் நூலை எழுதியவரும் அவரே என்பது இந்திய இசை ஆய்வாளர்கள் கருதத்தக்க தொடர்பு.

மின்சாரமற்ற முன்னேற்றம்: ஷெர்லி காலின்ஸ்

முற்போக்கு நாட்டாரிசைக்கு மின்கருவி இன்றியமையாதது என்னும் எண்ணத்தை மறுப்பவை ஷெர்லி காலின்ஸின் பதிவுகள். 1964இல் டேவி கிரஹாமுடன் இணைந்து வெளியிட்ட ‘ஃபோக் ரூட்ஸ், நியூ ரூட்ஸ்’ தொகுதியில், சசெக்ஸ் நாட்டுப்புறக் குரலோடு ஜாஸும் அரபிச் சாயலும் கலந்த கித்தார் இயைந்தது. 1969இல் சகோதரி டாலியுடன் உருவாக்கிய ‘ஆந்தம்ஸ் இன் ஈடன்’, முதல் உலகப்போரால் காதலரை இழந்த ஊர்ப்பெண்களின் துயரத்தை மரபுப்பாடல்களின் தொடராக அமைத்தது. துணையிசைக்கு டேவிட் மன்ரோவின் குழுவினர் வாசித்த இடைக்கால, மறுமலர்ச்சிக்காலக் கருவிகள் பயன்பட்டன. நிலைக்குப் பழகிய காது அங்கே புதுமையைத் தேடி ஏமாறலாம். கருவி பழையது, பாடல் பழையது. இரண்டையும் அவ்வாறு எதிரெதிரே நிறுத்தியது புதியது. டாலியின் இசையமைவு பாடகியை முந்துவதில்லை, தாங்குவதும் இல்லை, பக்கத்தில் நடந்துவருகிறது.

காலின்ஸின் மேன்மை அவர் பெயர் சொல்லும் முறையில் மேலும் விளங்குகிறது. 1959இல் ஆலன் லோமாக்ஸுடன் அமெரிக்கத் தென்பகுதியில் பாடல் திரட்டச் சென்றபோது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். மிசிசிப்பி மாநிலத்துக் கோமோ ஊரில், பகலெல்லாம் பருத்தி வயலில் உழைத்த ஃபிரெட் மெக்டவலை முதன்முதலாக ஒலிப்பதிவு செய்தபோது உடனிருந்தார். இப்பயணத்தைப் பற்றி லோமாக்ஸ் 1993இல் வெளியிட்ட நூலில் காலின்ஸின் உழைப்பு ஏறத்தாழச் சுவடற்றுப் போயிற்று. பயணத்துக்கு உடன் வந்தவர் என்னும் அளவிலேயே அவர் நின்றுவிட்டார். உலகெங்கும் பெயரறியாப் பாடகர்களுக்காக வாதாடிய ஒருவர், தம் அருகில் அமர்ந்து குறிப்பெழுதிய பெண்ணின் பெயரைத் தவறவிட்டார். காலின்ஸ் தம் பயண அனுபவங்களை 2004இல் ‘அமெரிக்கா ஓவர் தி வாட்டர்’ என்னும் நூலாக எழுதினார். அந்நூலில் பாடகர்களின் வீடு, உணவு, வறுமை, பேச்சு யாவும் இடம்பெறுகின்றன. குரல் இழந்து பல பத்தாண்டுகள் பாடாதிருந்து, 2016இல் தம் இல்லத்திலேயே பதிவுசெய்து வெளியிட்ட ‘லோட்ஸ்டார்’ தொகுதியில், ஆர்க்கன்சா மாநிலத்து ஓலி கில்பர்ட்டிடம் 1959இல் கேட்ட ‘பிரெட்டி பாலி’யைப் பாடினார். இடையில் 57 ஆண்டுகள். முதிர்ந்து தாழ்ந்த அக்குரலில் பழைய இனிமை இல்லை. கதைப்பாடலுக்கு அது நட்டமாகவும் தோன்றவில்லை.

பிடித்தவற்றைத் தொகுத்தல்: ஹாரி ஸ்மித்

காலின்ஸ் சென்ற அமெரிக்காவில், அதற்கு ஏழாண்டுகள் முன்னதாக, வேறொரு வகைப் பகிர்வு நிகழ்ந்திருந்தது. ஓவியரும் திரைக்கலைஞருமான ஹாரி ஸ்மித் தாம் சேர்த்துவைத்த பழைய வணிக இசைத்தட்டுகளிலிருந்து 84 பதிவுகளைத் தேர்ந்து 1952இல் ஃபோக்வேஸ் நிறுவனத்தின் வழியாக ‘ஆந்தாலஜி ஆஃப் அமெரிக்கன் ஃபோக் மியூசிக்’ என வெளியிட்டார். 1920களின் பிற்பகுதிக்கும் 1932க்கும் இடையில் பதிவானவை அவை. ஊர் ஊராகச் சென்று பாடகரைத் தேடியவர் அல்லர் ஸ்மித். தமக்குப் பிடித்த தட்டுகளை வரிசைப்படுத்தியவர். ஆயினும் அவருடைய குறிப்பேடு ஒரு விமரிசனப் படைப்பு. பாடகர், பதிவு நாள், மூலத்தட்டின் எண் ஆகியவற்றை முறையாகத் தந்து, பாடற்கதையை நாளேட்டுத் தலைப்புப்போல ஓரிரு வரியில் சுருக்கினார். பாடியவர் கறுப்பரா வெள்ளையரா என்பதை வேண்டுமென்றே குறிக்கவில்லை. நிறத்தைக் கொண்டு இசைத்தட்டுகளைப் பிரித்து விற்ற வணிக ஒழுங்கை அந்த மௌனம் குலைத்தது. விடுபட்ட தகவல் ஒன்று நேர்மையாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு இது அரிய சான்று. மூல நிறுவனங்களிடம் முறையான உரிமம் பெறாமலே தொகுதி வெளிவந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அத்தொகுதியில் இடம்பெற்ற மிசிசிப்பி ஜான் ஹர்ட்டை, அவர் 1928இல் பதிவுசெய்த ‘அவலான் புளூஸ்’ பாடலிலுள்ள ஊர்ப்பெயரைத் துப்பாகக் கொண்டு டாம் ஹாஸ்கின்ஸ் 1963இல் தேடிச்சென்று கண்டார். இதை ‘மறுகண்டுபிடிப்பு’ என்று இசைவரலாறுகள் கூறுகின்றன. ஹர்ட் எங்கும் தொலைந்துபோகவில்லை. அவலான் ஊரிலேயே வேலை செய்து வாழ்ந்துகொண்டிருந்தார். தொலைந்திருந்தது கேட்போரின் கவனம். அதன்பின் 1966இல் மறையும் வரை அவருக்கு மேடையும் மதிப்பும் கிட்டின என்பது தேடியவருக்குரிய பெருமைதான். ‘கண்டுபிடித்தல்’ என்னும் சொல் மட்டும் பொருந்தவில்லை.

அரிதும் அருமையும்

இன்று முற்போக்கு நாட்டாரிசையைத் தேடுவோரிடையே மற்றொரு பழக்கம் வேரூன்றியுள்ளது. எந்த இசைத்தட்டு மிகக் குறைவாக விற்றதோ அதுவே மிக உயர்ந்தது என்னும் எண்ணம் அது. வாஷ்டி பன்யனின் ‘ஜஸ்ட் அனதர் டைமண்ட் டே’ இவ்வெண்ணத்தின் குறியீடாகிவிட்டது. குதிரை பூட்டிய வண்டியில் ஸ்காட்லாந்து நோக்கிச் சென்ற நெடும்பயணத்தில் பிறந்த பாடல்களைக் கொண்டு ஜோ பாய்ட் தயாரித்த அத்தொகுதி 1970இல் வெளிவந்து கவனிப்பாரற்றுப் போயிற்று. பன்யன் இசையைவிட்டு விலகினார். 2000ஆம் ஆண்டில் மறுவெளியீடு கண்டபின் இளைய கலைஞர்கள் அவரைக் கொண்டாடினர். 2005இல் தம் இரண்டாம் தொகுதியை அவர் வெளியிட்டார். இங்கே தேடுவோர் செய்தது நற்பணி என்பதில் ஐயமில்லை. பாடலை இயற்றியவர் உயிரோடிருந்தார், பெயர் அவருடையது, பயனும் அவரை அடைந்தது. ஆனால் இத்தொகுதியின் சிறப்பு அதன் அரிதில் இல்லை. உச்சத்தை ஒருபோதும் நாடாத மெட்டுகளிலும், தாலாட்டின் எல்லையிலேயே நின்றுவிடும் குரலிலும் உள்ளது. சில இடங்களில் அந்த மென்மை சலிப்பும் தருகிறது. தொலைந்து கிடைத்த பொருள் என்பதற்காக அதைச் சொல்லாமல் விடுவது விமரிசனம் ஆகாது.

ஆன் பிரிக்ஸின் நிலை இதனினும் சிக்கலானது. பாடல்களை இலவசமாக எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர். ஜான்ஷின் விரல்களில் ‘பிளாக்வாட்டர்சைடு’ புகழ்பெற்று ஐந்தாண்டுகள் கழித்தே, 1971இல், அதைத் தம் குரலில் இசைத்தட்டாக்கினார். பதிவு செய்யப்பட்ட தம் குரலைக் கேட்பதை அவர் விரும்பியதில்லை. 1973இல் பதிவான மூன்றாம் தொகுதியை வெளியிட இசையாமல் இசையுலகை விட்டே விலகினார். ‘சிங் எ சாங் ஃபார் யூ’ என்னும் அத்தொகுதி 1997இல்தான் வெளிவந்தது. அவரைத் தேடிப்போகும் இசையன்பரும் ஆய்வாளரும் அவரது பெயரைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். தேடப்படுவதை அவர் விரும்பவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். இரண்டாம் கடமை உறைக்குறிப்புகளில் அரிதாகவே நிறைவேறியிருக்கிறது.